வண்டிக்கூலி மட்டும்

நான் எதையும் தேதி போட்டு எழுதி வைப்பவன். ஆற்றில் தண்ணீர் திறந்த நாள், அது எங்கள் ஊர் வாய்க்காலுக்கு வந்து சேர்ந்த நாள், களத்துக்கு முதல் குறுவை நெல் வந்த நாள், கிழக்குத் தெரு வேப்பமரம் விழுந்த நாள் எல்லாம் என் டைரிகளில் இருக்கின்றன. திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் ஒரு நெல் கொள்முதல் நிலையத்தில் பருவத்துக்குப் பருவம் பட்டியல் எழுதும் வேலை பார்த்தேன். அங்கே மூட்டை தூக்கியவர்களில் ஒருவருக்கு என் டைரியைக் கண்டால் சிரிப்பு வரும்.

“மழ பேஞ்ச தேதிய எழுதி வச்சா, அடுத்த வருசம் அதே தேதிக்கு வந்துருமா சார்?”

அவருக்குத் தேதி தேவைப்பட்டதே இல்லை. அறுப்பு வந்தால் வேலை, அறுப்பு முடிந்தால் வேறு வேலை. வயது கேட்டால், “ஆதார்ல ஒண்ணு இருக்கு, எங்கம்மா சொன்னது ஒண்ணு இருக்கு, உங்களுக்கு எது வேணும்?” என்பார். இரண்டுக்கும் நடுவில் ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார் என்று வைத்துக்கொள்ளலாம்.

அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் பலகையைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. கொள்முதல் நிலையத்தில் ஒரு மூட்டை நெல் நாற்பது கிலோ. எடை போட்டு, வாய் தைத்த பிறகு, அது ஒருவர் முதுகில் ஏறும். சாய்த்துப் போட்ட பலகை வழியாக அட்டியின் உச்சிக்குப் போகும். அட்டி என்பது மூட்டைகளை வீட்டுச் சுவர் உயரத்துக்கு அடுக்கி எழுப்புவது. பலகையில் கால் வைத்த பிறகு நடுவில் மூட்டையை இறக்கக் கூடாது என்பது சுமைக்காரர்களின் கட்டுப்பாடு. பின்னால் ஏறி வருகிறவன் தடுமாறி விழுவான். அப்படி இறக்கியவன் அந்தப் பருவம் முழுக்கப் பலகை ஏற முடியாது. கீழே உட்கார்ந்து கோணி ஊசி பிடித்துச் சாக்கு தைக்க வேண்டியதுதான். தைக்கிறவருக்குக் கூலி பாதிதான். இதை மேஸ்திரி வாய் திறந்து சொல்வது கிடையாது. இறக்கியவனே போய் ஊசியை எடுத்துக்கொள்வான்.

மற்றவர்களுக்கு அந்தக் கட்டுப்பாடு பலகையோடு முடிந்துவிடும். இவர் அதை வீட்டுக்கும் கடைத்தெருவுக்கும் எடுத்துக்கொண்டு போனார். டீக்கடையில் ஆள் மாறிச் சர்க்கரை இல்லாத டீ வந்தால் அதையே குடிப்பார். “வாயில வச்சாச்சு” என்பார். ஒரு முறை மன்னார்குடிக்குப் போக வேண்டியவர் பேருந்து மாறி ஏறிவிட்டார். நடத்துநர் பத்தாவது நிமிடத்திலேயே, “அண்ணே, இது கோடியக்கரை போற வண்டி, அடுத்த ஸ்டாப்புல எறங்கிக்கங்க” என்று சொல்லியிருக்கிறார். இவர் இறங்கவில்லை. கோடியக்கரை வரைக்கும் சீட்டு வாங்கி, போய், கடலைப் பார்த்துவிட்டு, இரண்டு கட்டு கருவாடு வாங்கிக்கொண்டு சாயங்காலம் திரும்பினார்.

மறுநாள் அவர் மனைவி மதியச் சாப்பாடு கொண்டு வந்தபோது என்னிடம் முறையிட்டார்.

“கல்யாணப் பத்திரிகை குடுக்கப் போன மனுசன் சார். கருவாட்டோட வந்து நிக்கிறாரு.”

“ஏறியாச்சுல்ல” என்றார் இவர், சோற்றிலிருந்து தலை எடுக்காமல்.

“நல்லவேள, ராமேஸ்வரம் வண்டியில ஏறல.”

அந்த அம்மாள் தெரு மகளிர் குழுவுக்குத் தலைவி. பதினோரு பெண்கள் வாரா வாரம் தவணைப் பணத்தை அந்த அம்மாளின் கணக்குக்குப் போடுவார்கள். மாதத்துக்கு ஒரு முறை மொத்தமாகக் குழுவின் வங்கிக் கடனுக்குக் கட்டுவார். ஒரு தடவை கூட ஒரு நாள் பிந்தியதில்லை என்பதால்தான் அவரைத் தலைவியாக வைத்திருந்தார்கள். கணவரிடம் பட்டன் போன் இருந்தது. வீட்டின் பெரிய போன் மனைவியிடம் இருந்தது.

நான் சொல்லப்போவது ஒரு சம்பாப் பருவத்தில் நடந்தது. பொங்கல் கழிந்து நெல் வரத் தொடங்கிய முதல் வாரத்திலேயே அவருடைய வலது தோள் சரியாக இல்லை என்பதைக் கவனித்தேன். மூட்டை ஏறும்போது முகம் ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும். உச்சிக்குப் போய் இறக்கிவிட்டு, உடனே திரும்பாமல், அட்டியின் மேல் நின்று வயலைப் பார்ப்பதுபோல் மூச்சு வாங்குவார். கூட்டத்தில் இளையவனான ஒருவன் கேட்டே விட்டான்.

“என்ன மாமா, மேல நின்னு யாரத் தேடுறீங்க?”

“உங்கப்பனுக்குப் பொண்ணு பாக்குறேன்டா.”

எல்லாரும் சிரித்தார்கள். மேஸ்திரி மட்டும் சிரிக்கவில்லை. ஊசி இருக்கும் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். அதை நானும் பார்த்தேன், இவரும் பார்த்தார்.

அடுத்த திங்கட்கிழமை மதியம் மனைவியின் போனை வாங்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தார். திரையில் ஒரு வாலிபன் மேல்சட்டை இல்லாமல் நின்றிருந்தான். தசையை வளர்க்கும் மாவு. பாலில் கலந்து குடித்தால் பதினான்கு நாளில் வித்தியாசம் தெரியும். சோதனைக்கு இலவசம், அனுப்பும் செலவு தொண்ணூற்றொன்பது ரூபாய் மட்டும்.

“இந்த அட்ரஸ் எழுதுற எடத்துல எல்லாம் இங்கிலீசா இருக்கு. கொஞ்சம் போட்டுக் குடுங்க சார். வீட்டு அட்ரஸ் வேணாம், இந்த ஆபீஸ் அட்ரஸே போடுங்க.”

போட்டுக் கொடுத்தேன். நான் எல்லாவற்றையும் படிக்கிறவன். கடலை மடித்து வரும் காகிதத்தைக்கூடப் பிரித்து இரண்டு பக்கமும் படித்துவிட்டுத்தான் எறிவேன். அந்தத் திரையில், பணம் கட்டும் பொத்தானுக்குக் கீழே, சாம்பல் நிறத்தில் எறும்பு வரிசைபோல் எழுத்துகள் இருந்தன. அன்று எடை போட வேண்டிய நெல் நிறைய இருந்தது. நான் அந்த வரிசையைத் தாண்டி விரலைத் தள்ளினேன்.

கடைசியில் ரகசிய எண் கேட்டது. சாப்பாடு கொண்டு வந்த பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்த மனைவியைக் கூப்பிட்டார்.

“தோளுக்குத் தைலம் வாங்குறேன். தைலம் சும்மாதான் தர்றான். வண்டிக்கூலி மட்டும் குடுக்கணுமாம். நம்பரப் போடு.”

“எவ்வளவு சார்?” என்று அவர் என்னைக் கேட்டார்.

“தொண்ணூத்தொம்பது” என்றேன். தைலம் என்றதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. புருஷன் பெண்டாட்டி விஷயம் என்று விட்டுவிட்டேன்.

அவர் சேலை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, எங்கள் இருவருக்கும் முதுகைக் காட்டித் திரும்பி நின்று எண்ணைப் போட்டார். “இவருகிட்ட இந்த நம்பரச் சொன்னா டீக்கடையில சொல்லிடுவாரு சார்” என்றார்.

அன்றைய டைரிப் பக்கத்தில், வந்த மூட்டைகளின் எண்ணிக்கைக்குக் கீழே, ‘சுமைக்காரர் ஒருவருக்குச் சிறு உதவி செய்தேன்’ என்று எழுதியிருக்கிறது.

தை மாதத்தில் பெய்யக் கூடாத மழை அந்த வாரம் பெய்தது. நெல்லுக்குத் தார்ப்பாய் போர்த்துவதும் எடுப்பதுமாகப் போனது. டப்பா வந்து சேர்ந்தது மறு வாரம் புதன்கிழமை. பெயிண்ட் டப்பா அளவுக்குக் கறுப்பு டப்பா. அதில் அதே வாலிபன். இளையவன் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “மாமா, இதத் தூக்கவே இன்னொரு டப்பா குடிக்கணும் போலருக்கே” என்றான். இவர் அதை என் அலமாரியிலேயே வைத்துக்கொண்டார். பால் வாங்கினால் மனைவி ஏன் என்று கேட்பார் என்பதால், காலையில் தூக்குவாளியில் கொண்டு வரும் நீராகாரத்தில் இரண்டு கரண்டி கலக்கிக் குடிப்பார். வாசனை சாக்லெட் மாதிரியும் புளித்த சோறு மாதிரியும் இருக்கும். மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்துவிட்டு, வாயைத் துடைத்து, பலகைக்குப் போவார்.

ஒரு நாள் காலையில் வந்து, “இன்னிக்குத் தேதி என்ன சார்?” என்றார்.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. சொன்னேன். விரலை மடக்கி எண்ணினார்.

“டப்பா வந்து இன்னியோட பதிமூணு நாளு. போன் போட்டு வேணாம்னு சொல்லிடலாம். ஒண்ணும் ஆகல சார். வயிறுதான் உப்புது.”

டப்பாவில் இருந்த எண்ணுக்கு என் போனிலிருந்து போட்டோம். பாட்டு ஓடியது. இந்தி, ஆங்கிலம், மறுபடி பாட்டு. கடைசியில் ஒரு தமிழ்ப் பெண் குரல் வந்தது. ஒலிபெருக்கியில் போட்டேன்.

“உங்க ட்ரையல் போன திங்கட்கிழமையே முடிஞ்சிடுச்சு சார். முதல் மாசத்துக்கு பேமெண்ட் எடுத்தாச்சு.”

“எனக்கு டப்பா வந்தே பதிமூணு நாள்தானம்மா ஆவுது.”

“ஆர்டர் போட்ட நாள்லேருந்து கணக்கு சார்.”

டைரியைப் புரட்டினேன். ஆர்டர் போட்டது திங்கட்கிழமை. டப்பா வந்தது ஒன்பது நாள் கழித்து. மழை, வண்டி, சாலை எல்லாம் சேர்ந்து தின்ற ஒன்பது நாளும் இவருடைய பதினான்கில் கழிந்திருந்தது. டப்பாவைப் பிரித்தபோது இவர் கையில் மிஞ்சியிருந்தது ஐந்து நாள். மாதத்துக்கு ஒரு டப்பா வரும், அதன் முழு விலை மாதம் ஒரு முறை கணக்கிலிருந்து தானாகப் போகும். நாமாக நிறுத்தும் வரைக்கும் போகும். ஒரு டப்பாவின் விலை அவருடைய ஒரு வாரக் கூலிக்கு மேல். இத்தனையும் அந்த எறும்பு வரிசையில் இருந்தது.

“திருப்பி அனுப்பிடறேம்மா.”

“ஓப்பன் பண்ணினத எடுக்க முடியாது சார். கேன்சல் நீங்களே போன்ல பண்ணிக்கலாம், ரொம்ப ஈசி. இல்லன்னா அடுத்த டப்பா முப்பது பர்சென்ட் குறைச்சுத் தர்றோம். போட்டுடட்டுமா சார்?”

இவர் ஒன்றும் பேசவில்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஓகே சார், போட்டுடறேன். தேங்க்யூ சார்.”

போன் அணைந்தது. “நான் சும்மாதானே சார் இருந்தேன்” என்றார்.

அவர் குழம்பியது எங்கே என்று எனக்குத் தெரியும். நெல் வியாபாரத்தில் வளர்ந்தவர். வியாபாரி மூட்டையில் குத்தூசியைக் குத்தி ஒரு பிடி எடுப்பான். வாயில் போட்டுக் கடிப்பான், ஊதுவான், பாதியைக் கீழே கொட்டுவான். பிடிக்காவிட்டால் பேசாமல் போய்விடுவான். யாரும் பின்னால் போய்ப் பணம் கேட்பதில்லை. மாதிரி பார்ப்பது சுமையாகாது. விலை பேசி, வாயால் சரி என்று சொன்ன பிறகுதான் மூட்டை நகரும். பேசாமல் இருந்தால் இல்லை என்று அர்த்தம். இங்கே பேசாமல் இருந்ததே சம்மதம் ஆகிவிட்டது.

“கடிச்சுப் பாத்ததுக்கா சார் மூட்டைய ஏத்துவாங்க?” என்று இரண்டு மூன்று முறை கேட்டார். பிறகு, “ஏத்திட்டானுங்க” என்றார்.

நிறுத்துவது உண்மையிலேயே சுலபம்தான். மனைவியின் போனைத் திறந்து, பணம் தானாகப் போவதற்குக் கொடுத்த அனுமதியை எடுத்துவிட வேண்டும். அதற்கும் அதே ரகசிய எண் கேட்கும். அதாவது, அந்த அம்மாளிடம் சொல்ல வேண்டும். தைலம் இல்லை, மாவு என்று சொல்ல வேண்டும். தோள் போய்க்கொண்டிருக்கிறது என்று சொல்ல வேண்டும். போனது உன் பணம் இல்லை, பதினோரு பெண்களின் தவணை என்று சொல்ல வேண்டும்.

“சொல்லிடுங்க. திட்டுவாங்க, அவ்வளவுதான். வேணும்னா நான் சொல்றேன்” என்றேன்.

“நீங்க சொல்லக் கூடாது. என் மேல சத்தியம்.” சத்தியத்தை அவரே என் கையில் அடித்தும் கொடுத்தார். “போன பணத்த நான் நெரப்பிடறேன் சார். மாசக் கடைசிக்குள்ள நெரப்பிட்டா அவளுக்குத் தெரியவே தெரியாது.”

“அடுத்த மாசம் மறுபடியும் போவுமே.”

“ஏத்தியாச்சு சார். எங்கயாவது ஒரு எடத்துல அட்டி வரும்ல.”

அன்றிலிருந்து காலையில் வந்ததும் முதல் கேள்வி தேதிதான். சட்டையைக் கழற்றுவதற்கு முன் கேட்பார். பணம் போகும் நாளுக்கு எத்தனை நாள், மனைவி தவணை கட்டும் நாளுக்கு எத்தனை நாள் என்று விரலை மடக்குவார். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் நாட்களில் கூடுதலாகத் தூக்கினார். யாராவது வராவிட்டால் அவருடைய பங்கையும் எடுத்துக்கொண்டார். மற்றவர்கள் சாப்பிட உட்காரும்போது லாரியில் ஏற்றப் போனார். கிடைத்ததைப் பெட்டிக்கடைக்காரரிடம் கொடுத்து மனைவியின் கணக்குக்குப் போடச் சொன்னார். மூட்டை தூக்க வலு வேண்டும் என்று வாங்கிய மாவுக்கு, இருக்கும் வலுவை மூட்டை மூட்டையாகக் கொடுத்துக்கொண்டிருந்தார். என்னால் பார்க்க முடியவில்லை. ஆனால் எனக்கும் வாய் கட்டியிருந்தது. சத்தியத்தைவிட, அந்த எறும்பு வரிசையைத் தள்ளிவிட்ட விரல் என்னுடையது என்பது பெரிய கட்டாக இருந்தது.

மாசியில் இரண்டாவது டப்பா வந்தது. அதையும் பிரித்துக் குடித்தார். “காசு குடுத்தது” என்றார். அந்த மாதப் பள்ளத்தைத் தவணைக்கு இரண்டு நாள் முன்னால் நிரப்பிவிட்டார். நிரப்பிய அன்று எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். கிளாஸை வலது கையால் வாய் வரைக்கும் தூக்க முடியவில்லை. இடது கைக்கு மாற்றிக்கொண்டார்.

சாப்பாடு கொண்டு வந்த மனைவி ஒரு நாள், “தைலம் தேய்க்கிறீங்களா இல்லையா? வீட்டுல வாசனையே காணுமே” என்றார்.

“இங்கயே தேச்சுக்கிறேன். சார் அலமாரியில இருக்கு.”

அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். நான் பட்டியலில் கூட்டல் போட்டுக்கொண்டிருந்தேன்.

பங்குனியில் நெல் வரத்து குறைந்தது. கூடுதலாகத் தூக்க மூட்டை இல்லை. மூன்றாவது டப்பா வந்து அலமாரியில் பிரிக்காமல் இருந்தது. “இன்னிக்குத் தேதி என்ன சார்?” என்று கேட்பவர், நான் சொன்ன பிறகும் போகாமல் நிற்பார். நாள் தவறாகச் சொல்லிவிட்டேனோ என்று பார்ப்பதுபோல இருக்கும்.

தவணை நாள் ஒரு வெள்ளிக்கிழமை. நடுப்பகலில் சாப்பாட்டுத் தூக்கு இல்லாமல், போனை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அந்த அம்மாள் வந்தார். அவரோடு குழுப் பெண்கள் இரண்டு பேர் வந்து, வாசலிலேயே நின்றுகொண்டார்கள். அந்த இரண்டு பேரும் அவரோடு வந்தார்களா, அவரைக் கூட்டிக்கொண்டு வந்தார்களா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நேரே என் மேசைக்கு வந்தார். வங்கியில் அச்சடித்துக் கொடுத்த தாளை விரித்தார். மூன்று இடங்களில் அவரே பேனாவால் சுழித்திருந்தார்.

“நீங்க படிச்சவரு. இந்த மூணும் என்னன்னு சொல்லுங்க சார்.”

நான் தாளை என் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

“அன்னிக்கு இதே மேசையிலதான் சார் நம்பர் போட்டேன். நீங்கதான் தொண்ணூத்தொம்பதுன்னு சொன்னீங்க.”

அலமாரியைத் திறந்து காட்டினேன். அதுதான் என்னால் முடிந்தது. கறுப்பு டப்பாக்கள் மூன்றையும் பார்த்தார். படத்தில் இருந்த வாலிபனைப் பார்த்தார். பிறகு வெளியே போனார்.

இவர் அப்போது பலகையின் நடுவில் இருந்தார். முதுகில் மூட்டை. பின்னால் இளையவன் ஏறிக்கொண்டிருந்தான். அந்த அம்மாள் பலகைக்குக் கீழே போய் நின்றார். சத்தம் போடவில்லை.

“ஏங்க. எறக்குங்க.”

இவர் நின்றார். திரும்பிப் பார்க்க முடியாது, மூட்டை இருக்கிறது. குரலை வைத்தே தெரிந்துகொண்டிருப்பார்.

“மேல போயி எறக்கிட்டு வர்றேன்.”

“மூணு மாசமா மேல போயிட்டேதான் இருக்கீங்க. எறக்குங்க.”

மேஸ்திரி எழுந்து நின்றுவிட்டார். இளையவன் தன் மூட்டையோடு இரண்டு எட்டு பின்னால் வைத்துக் கீழே இறங்கி ஒதுங்கினான். இவருடைய கால் மேலே போகப் பார்த்ததை நான் பார்த்தேன். குதிகால் பலகையிலிருந்து எழுந்து, மறுபடி அதே இடத்தில் பதிந்தது. தோளைச் சாய்த்தார். மூட்டை பலகையில் உட்கார்ந்தது. அவரும் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

அந்த அம்மாள் பலகையில் நான்கு எட்டு ஏறிப் போய், அவருக்குப் பக்கத்தில் நின்று, போனைத் திறந்து என்னைக் கூப்பிட்டார். “எந்த எடத்துலன்னு காட்டுங்க சார்.” காட்டினேன். இந்தத் தடவை முதுகைத் திருப்பிக்கொள்ளவில்லை. எங்கள் முன்னாலேயே எண்ணைப் போட்டார். பச்சை நிறத்தில் ஒரு குறி வந்தது. அரை நிமிடம்கூட ஆகவில்லை.

“அவ்வளவுதானா?” என்றார்.

“அவ்வளவுதான்.”

“இதுக்கா” என்று மட்டும் சொன்னார். பிறகு வாசலில் நின்ற பெண்களிடம் போனார். அந்த மாதத் தவணையை எட்டு நாள் கழித்துக் கட்டினார்கள். காதில் இருந்ததை அடகு வைத்துத்தான் அந்த அம்மாள் கட்டினார் என்று பிறகு தெரிந்தது. அடுத்த மாதம் குழு வேறு ஒருவரைத் தலைவியாக வைத்துக்கொண்டது.

மறுநாள் காலையில் நான் வருவதற்கு முன்பே இவர் சாக்குகளுக்கு நடுவில் உட்கார்ந்து கோணி ஊசியில் சணலைக் கோத்துக்கொண்டிருந்தார். மேஸ்திரி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. இளையவன் கேலி எதுவும் செய்யாமல், தைத்த மூட்டைகளை எடுத்துக்கொண்டு போனான். அதுதான் அவருக்கு அதிகம் வலித்திருக்கும் என்று நினைக்கிறேன்.

பருவம் முடிந்த பிறகு ஒரு முறை அவர்கள் வீட்டுக்குப் போனேன். டப்பாக்களில் ஒன்றில் துவரம்பருப்பும் ஒன்றில் சர்க்கரையும் இருந்தன. எனக்கு டீ போட, அந்த அம்மாள் வாலிபன் படம் என் பக்கம் இருக்கும்படி டப்பாவை வைத்துத்தான் சர்க்கரை எடுத்தார். வேண்டுமென்றே வைத்தாரா என்று தெரியவில்லை. மூன்றாவது டப்பா பரண் மேல் பிரிக்காமலே இருந்தது.

அதற்கு அடுத்த சம்பாவிலும், அதற்கு அடுத்ததிலும் அவர் தைப்பவராகத்தான் வந்தார். கட்டுப்பாடு ஒரு பருவத்துக்குத்தான். மேஸ்திரி கூப்பிட்டும் பார்த்தார். “ஊசி எடுத்தாச்சு” என்று சொல்லிவிட்டார்.

அந்த அம்மாளின் கணக்கிலிருந்து இப்போது யாரும் பணம் எடுப்பதில்லை. அனுமதி நின்றுபோனது இவருக்கும் தெரியும். இரண்டு முறை என்னிடம் கேட்டு உறுதி செய்துகொண்டார். ஆனாலும் நான் அங்கே வேலை பார்த்த கடைசி நாள் வரைக்கும், காலையில் மேசையைக் கடக்கும்போது நின்று, “இன்னிக்குத் தேதி என்ன சார்?” என்பார். சொல்வேன். ஊசியை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றிக்கொண்டு, விரலை ஒவ்வொன்றாக மடக்குவார்.